மூன்று மணி நேரம் பறக்காத ட்ரோன்

இருபத்தெட்டு வயதுவரை "எனக்குத் தெரியாது" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். பதில் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இருந்ததில்லை. கண்டி வாவிக் கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பேராதனைப் பூங்காவுக்கு வழி கேட்டபோது, அவர்களை மாத்தளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவன் நான். (பஸ் போன பிறகுதான் அவர்கள் கேட்டது பூங்காவை என்று விளங்கியது. அதற்குள் கையசைத்து வழியனுப்பியும் வைத்துவிட்டேன்.)

இந்தக் குணத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முடிவு வந்தது. அம்பிட்டியப் பக்கம் ஒரு பழைய பங்களாவில், அறுபது பேர் முன்னிலையில், நான்கு ஸ்பீக்கர்களின் உதவியோடு வந்தது.

அப்போது நான் மஹய்யாவையில் இருந்தேன். டவுனில் ரியாஸ் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கும் வேலை. நானா (முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அக்குறணைக்காரர். கமரா அவருடையது, ட்ரோன் அவருடையது, அதைப் பறக்கவிடும் தலைக்கனம் மட்டும் என்னுடையது. ஜெசிந்தாவைச் சந்தித்ததும் அந்த ட்ரோனால்தான். ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு மேசைக்கு மேலாக அதைக் கொஞ்சம் தாழப் பறக்கவிட்டேன். அந்தக் காற்றில் அவளுடைய தட்டிலிருந்த பப்படம் எழும்பி, மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் போய் உட்கார்ந்தது. என்னைத் திட்டுவதற்காகத்தான் அவள் முதன்முதலில் என் பக்கம் வந்தாள். திட்டி முடிக்க எட்டு மாதம் எடுத்தது. அதற்குள் இரண்டு வீட்டிலும் விஷயம் தெரிந்துவிட்டது.

அவளுடைய அப்பா மரியதாஸ். இப்போது எனக்கு மாமா, அப்போது அங்கிள். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் முப்பத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்து, ஓய்வு பெற்று, குண்டசாலையில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து, எந்நேரமும் எதையோ உற்றுக் கேட்பவர்போல இருப்பார். முதல் சந்திப்பில் என்னை எதிரில் உட்காரவைத்து, ஒரு மெசினைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, கமரா புடிக்கிறது ஒரு தொழிலா?"

"நல்ல தொழில் அங்கிள்."

"தவக்காலத்துல நம்ம ஆளுங்க கல்யாணம் வைக்க மாட்டாங்க. நோன்புல முஸ்லிம் ஆளுங்க வைக்க மாட்டாங்க. ஆடியில சைவக்காரங்க வைக்க மாட்டாங்க. அப்ப நீங்க எப்பதான் சாப்பிடுவீங்க?"

இதற்குப் பதில் இல்லை என்று எந்த மனிதனுக்கும் தெரியும். நான் பதில் சொன்னேன். "அங்கிள், இனி எல்லாமே ட்ரோன்தான். அளவெடுக்கிறது, தோட்டத்துக்கு மருந்தடிக்கிறது, எல்லாம். உலகமே அதுலதான் ஓடப்போகுது."

"ட்ரோனா?" என்றார். மெசின் பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே கடவுள் எனக்கொரு சுவரொட்டியை அனுப்பினார். ஜெசிந்தா வேலை செய்த பார்மசிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடைக் கண்ணாடியில் அது ஒட்டியிருந்தது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தில் பெரிதாக 'ட்ரோன்' என்று ஆங்கிலத்தில். கீழே 'நேரடி நிகழ்ச்சி, மூன்று மணி நேரம், அனுமதி இலவசம்.' அதற்கும் கீழே எறும்பு ஊர்வதுபோலச் சின்ன எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி. அதை வாசிப்பது அந்த வயதில் என் கௌரவத்துக்குக் குறைவு.

ரியாஸ் நானாவிடம் காட்டினேன். அவர் சுவரொட்டியின் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"என்னடாம்பி, பங்களாவுக்கு உள்ளுக்கயா? உள்ளுக்க எப்படிடா பறக்கும்?"

"டவுன்ல தலதா மாளிகை இருக்கிறதால வெளியில விட அனுமதி குடுத்திருக்க மாட்டாங்க நானா. அதான் உள்ள வச்சிருக்காங்க."

"மூணு மணித்தியாலம் போட்டீக்கே. எங்கட சாமான் அரை மணித்தியாலமும் ஓடுறதில்லையே."

"அது புது மொடல்."

"அப்படியெண்டா கேட்டு வா. நாமளும் ஒண்டு எடுப்பம்."

ஒரு சாதாரண மனிதன் இந்தக் கேள்விகளுக்குப் பிறகு யோசித்திருப்பான். நான் குண்டசாலைக்கு ஃபோன் எடுத்தேன்.

"மெசினைக் கிட்டத்துல பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார் அங்கிள்.

"தொட்டே பார்க்கலாம்" என்றேன்.

ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு நாங்கள் நால்வர் அந்தப் பங்களா வாசலில் செருப்பையும் சப்பாத்தையும் கழற்றினோம். நான் கல்யாண வேலைக்குப் போடும் கோட்டுடன். ஜெசிந்தா பூப்போட்ட சல்வாரில். அவளுடைய அம்மா, அதாவது ஆன்ட்டி, பூசைக்குக் கட்டும் சேலையில். அங்கிள் முழுக்கைச் சட்டை போட்டு, பையில் வாசிக்கிற கண்ணாடியும் ஒரு சின்ன டோர்ச்சும் வைத்திருந்தார். மெசின் பார்க்க வந்தவர் அல்லவா.

உள்ளே பெரிய கூடம். பலகைத் தரை. அதில் பாய் விரித்து இளைஞர்களும் சில வெள்ளைக்காரர்களும் உட்கார்ந்தும் சாய்ந்தும் இருந்தார்கள். ஒருவர் மல்லாந்தே படுத்திருந்தார். (மேலே பறப்பதைப் பார்க்க வசதி என்று எனக்குள் பாராட்டிக்கொண்டேன்.) அங்கிளுக்கு முழங்கால் வலி என்பதால் சுவரோரம் கிடந்த ஒரு நீள வாங்கைப் பிடித்து உட்கார்ந்தோம். நடுவில் ஒரு மேசை. அதன்மேல் திருகுகள் நிறைந்த பெட்டிகள், இடியப்பம்போல வயர்கள், படுக்கப்போட்ட ஒரு கிட்டார், துருத்தி வைத்த ஒரு சின்னப் பெட்டி. கூடத்தின் நான்கு மூலையிலும் ஆளுயரத்தில் கறுப்பு ஸ்பீக்கர்கள். ட்ரோனை மட்டும் காணோம்.

தரையில் அங்கங்கே காசளவில் பளபளப்பான வட்டத் தகடுகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்று எங்கள் வாங்கின் காலிலேயே இருந்தது. அங்கிள் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"ட்ரோன் எறங்குறதுக்கு அடையாளம் அங்கிள்."

"வாங்குக் காலுலயா எறங்கும்?"

"அவ்வளவு துல்லியம்."

தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு சிங்களப் பெண் மேசைக்கு முன்னால் வந்து நின்று, முதலில் சிங்களத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் ஏதோ விளக்கினாள். அவள் பெயர் நிலூகா என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் நான் மேலே நன்றாகத் தெரிவதற்காக வாங்கின் நுனிக்கு நகர்ந்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் கைதட்டியதும் எல்லோருக்கும் மேலாகக் கைதட்டினேன்.

அவளும் கூட இருந்த இருவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி துருத்தியை மெதுவாக அமுக்கினாள். 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழுந்தது.

எழுந்த சத்தம் எழுந்தபடியே நின்றது. ஏறவில்லை, இறங்கவில்லை. பூசையில் ஓர்கன் வாசிப்பவர் ஒரு கட்டையில் விரலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதுபோல. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அதற்குக் கீழே இன்னொரு தடித்த சத்தம் வந்து சேர்ந்தது. வாங்கு அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது. ட்ரோனை மட்டும் இன்னும் காணவில்லை.

"என்ன தம்பி சத்தம்?" அங்கிள் என் காதுக்குள் கேட்டார்.

"எஞ்சின் சூடேத்துறாங்க அங்கிள்."

"பெட்டரியில ஓடுறதுக்கு எஞ்சின் எதுக்கு?"

"பெட்டரியதான் சூடேத்துறாங்க."

முப்பத்திரண்டு வருடம் மெசினோடு வாழ்ந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குனிந்தார்.

"மெசின் எங்க இருக்கு?"

"மேல. கூரைக்கு மேல."

"எப்ப வரும்?"

"இப்பப் பறக்கும் அங்கிள். இப்பப் பறக்கும்."

இந்த 'இப்பப் பறக்கும்' என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பேன். சிக்னல் கிடைக்கவில்லை என்றேன். மழை வருமோ என்று பார்க்கிறார்கள் என்றேன். (உள்ளே நடக்கும் நிகழ்ச்சிக்கு மழை.) ஆன்ட்டி செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். கடைசியில் அங்கிள் கேட்பதையே நிறுத்திவிட்டார். கைகளைக் கட்டி, கண்ணை மூடி, தலையை நிமிர்த்தி, சுவரில் சாய்ந்தார். முகம் இறுகியிருந்தது. பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்பதை எந்தச் சொற்களில் சொல்லலாம் என்று யோசிக்கிறார் என்றே நினைத்தேன்.

ஜெசிந்தா என் கையைக் கிள்ளினாள். "உண்மையச் சொல்லுங்க. இது என்ன?"

இரண்டு பக்கமும் பார்த்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் காதோடு, மிக மெதுவாகச் சொன்னேன். "எனக்குத் தெரியாது ஜெசி. உங்கப்பாகிட்ட சொல்லிறாதீங்க."

அவள் சிரிப்பை அடக்கினாள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். "அவரு மூஞ்சியப் பாருங்க. புளிச்ச தயிர்ச்சட்டி மாதிரி."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில், அந்தத் தடித்த சத்தத்துக்கு உள்ளிருந்து, கிணற்றுக்குள் நின்று பேசுவதுபோல ஓர் ஆண் குரல் மெதுவாக எழுந்தது.

"ப... ற... க்கு... ம்..."

ஜெசிந்தாவின் கையைப் பிடித்தேன். "கேட்டீங்களா? தமிழ்லயும் அறிவிக்கிறாங்க! பறக்கும்னு சொல்றாங்க!"

அவள் முகம் வெளுத்திருந்தது. "அது உங்க குரல்."

"என் குரல் எப்படி..."

"பெட்டரியதான்... சூடேத்துறாங்க..." என்றது வலது மூலை ஸ்பீக்கர். "சூடேத்துறாங்க... றாங்க..." என்றது இடது மூலை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. வாங்குக் காலில் ஒட்டியிருந்தது மைக். தரையில் ஒட்டியிருந்த அத்தனையும் மைக். கூடத்தில் எழும் சின்னச் சின்னச் சத்தங்களைப் பிடித்து, இழுத்து, நீட்டி, மறுபடி மறுபடி சுழலவிடுவதுதான் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை. மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததால், அன்றைய கச்சேரிக்கான சரக்கு முழுவதையும் நானே தனியாளாகக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியென்றால் அடுத்து வரப்போவது?

"எனக்குத்... தெரியாது... ஜெசி..."

நான்கு மூலையிலிருந்தும் வந்தது. இருபத்தெட்டு வருடம் சொல்லாமல் பாதுகாத்து வைத்திருந்த வார்த்தை, யானை பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரலில், கூரை அதிர.

"உங்கப்பாகிட்ட... சொல்லிறாதீங்க... சொல்லிறாதீங்க... தீங்க..."

கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் நால்வர்தான். எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, 'சொல்லிறாதீங்க'வுக்கு ஏற்ப மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார். ஆன்ட்டியின் கையில் செபமாலை நின்றுவிட்டது. அங்கிள் கண்ணைத் திறக்கவில்லை.

தயிர்ச்சட்டி வருவதற்கு முன்னால் அந்த மைக்கைப் பிடுங்கிவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கோட்டோடு தரையில் இறங்கி, முழங்காலில் தவழ்ந்து வாங்குக்கு அடியில் போனேன்.

பலகைத் தரையில் முழங்காலை வைத்தேன். 'டூம்' என்று நான்கு ஸ்பீக்கரும் இடித்தன. மற்ற முழங்காலை வைத்தேன். 'டூம்.' மலை உருண்டு வருவதுபோல இருந்தது. பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யாரும் கோபப்படவில்லை. மிகுந்த மரியாதையோடு நகர்ந்து இடம் விட்டார்கள். நிகழ்ச்சியில் நானும் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்திருந்தவர் எழுந்து, தானும் சேர்ந்துகொள்ளலாம் என்று எண்ணியோ என்னவோ, முழங்காலில் நின்று காத்திருந்தார்.

"புளிச்ச..." என்றது பின் மூலை.

நான் டேப்பைப் பிய்த்தேன். தகரத்தில் ஆணியால் கீறினதுபோல ஒரு கீச்சொலி.

"தயிர்ச்... சட்டி... சட்டி... சட்டி..."

தகட்டைப் பிடித்து என் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன். அதன் வயர் மேசைவரை போயிருந்தது. மேசையிலிருந்த பெரிய பெட்டி அந்த வயரோடு புறப்பட்டு வந்து தரையில் விழுந்தது. ஒரே ஒரு வெடிச் சத்தம். பிறகு நிசப்தம்.

வெளியே ஒரு காகம் கத்தியது. கீழே வீதியில் ஒரு பஸ் கோர்ன் அடித்தது. அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் வாங்குக்கு அடியில், கையில் மைக்கோடு, ஒரு காலுறை கழன்ற நிலையில் கிடந்தேன்.

அங்கிள் கண்ணைத் திறந்தார்.

"யாரு நிப்பாட்டினது?" என்றார்.

ஃபெக்டரியில் மெசின் நின்றால் எப்படிக் கேட்டிருப்பாரோ அதே குரல். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "நீங்களா தம்பி?"

"ஐயோ தம்பி!" என்று ஆன்ட்டி தலையில் கைவைத்தார். "மனுசன் இப்பதான் கண்ண மூடுனாரு. குண்டசாலைக்கு வந்து ஆறு மாசமா ஒழுங்காத் தூக்கமில்ல. தோட்டத்து லயத்துல, கோர்ட்டர்ஸ்லன்னு எல்லாக் காலமும் ஃபெக்டரி ஃபேன் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டாரு. இங்க அமைதியா இருக்கிறது அவருக்கு ஒத்துக்கல. இன்னைக்குதான் கொஞ்ச நேரமாவது பிள்ளையாட்டம் தூங்கினாரு. அதையும் பிடுங்கிப் போட்டீங்களே!"

அந்த இறுகிய முகம், கட்டிய கை, நிமிர்ந்த தலை எல்லாம் தூக்கம். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வாங்குக்கு அடியிலேயே இருந்தேன்.

நிலூகா வந்து குனிந்து கை கொடுத்து என்னை வெளியே எடுத்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். "கமக் நே, கமக் நே" என்றாள், அதெல்லாம் பரவாயில்லை என்று. இது ட்ரோன் இசை, ஒரே சுருதியை நிறுத்தாமல் இழுப்பது, மைக்குகள் பேச்சைப் பிடிக்கும் என்று தொடக்கத்திலேயே சொன்னோமே என்றும் சொன்னாள். பிறகு கண்கள் விரிய ஒரு கேள்வி கேட்டாள்.

"கடைசியாக வந்த ஒரு சொல் மிக அழகாக இருந்தது. தயிர்ச்சட்டி. அதற்கு என்ன அர்த்தம்?"

வாயைத் திறந்தேன். வானவில், நட்சத்திரம், நதி என்று மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. அதற்குள் என் பின்னாலிருந்து அங்கிள் தோட்டத்துச் சிங்களத்தில் அமைதியாகப் பதில் சொன்னார்.

"மீகிரி ஹட்டிய."

அச்சொட்டாகத் தயிர்ச்சட்டிதான். ஜெசிந்தா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"அங்கிள்... நீங்க தூங்கலயா?"

"நான் தூங்கினாலும் காது தூங்காது தம்பி" என்றார். "மெசின் பக்கத்துல படுக்கிறவன், சத்தம் மாறுனா அதே நிமிசம் எழும்பணும். இல்லாட்டிக் கொழுந்து கருகிப்போகும்."

அதற்குமேல் என்னைக் கண்டுகொள்ளவில்லை. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டு, டோர்ச்சை எடுத்து, நேரே மேசைக்குப் போனார். விழுந்த பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு இடத்தில் வயர் பிடிவிட்டிருந்தது. நிலூகா திருப்புளி கொடுத்தாள். அறுபது பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, என் எதிர்கால மாமனார் தன் வாழ்க்கையின் முதல் மேடையில் இரண்டு திருகை இறுக்கினார். பெட்டி உயிர்பெற்றது. கைதட்டல் கூரையைத் தொட்டது. முதலில் துருத்தியை அமுக்கிய பெண்ணிடம், தரையைக் காட்டி, கீழ்ச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் போடும்படி கையால் சைகை செய்துவிட்டு வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

"தம்பி, இனி வாயத் திறக்காதீங்க" என்றார். கண்ணை மூடினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கு ஒன்றுமில்லை, விளக்குவதற்கு ஒன்றுமில்லை, யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற நிலைமையில் நான் அதுவரை உட்கார்ந்ததே கிடையாது. முதல் அரை மணி நேரம் வெட்கத்தில் போயிற்று. அதற்குப் பிறகு அந்த ஒற்றைச் சத்தம் ஒற்றையாக இல்லை என்று மெதுவாகத் தெரிந்தது. அதற்குள் மணியோசைபோல ஒன்று வந்து வந்து போனது. தூரத்தில் பலர் பாடுவதுபோல இன்னொன்று. தலையைச் சற்றுத் திருப்பினால் சத்தமும் மாறியது. வெளியே வெயில் தணிந்து, யன்னல் வழியாக வந்த வெளிச்சம் பாய்களின்மேல் மெல்ல நகர்ந்தது. ஆன்ட்டி செபமாலையை முடித்துப் பையில் போட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டார். ஜெசிந்தா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்காக அங்கே வந்தோம் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கிளின் குறட்டை மெல்லியதாகக் கேட்டது. அது அந்தச் சத்தத்தோடு சரியாகச் சேர்ந்து நின்றது.

முடிந்ததும் நிலூகா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். அங்கிள் அவளிடம் அரை மணி நேரம் பேசினார். வீட்டில் ஆறு மாதத்தில் பேசியதைவிட அது அதிகம். கொழுந்து வாட்டும் பெரிய ஃபேன்களில் எதற்கு என்ன சத்தம், இரண்டாம் நம்பர் ஃபேனின் பெயாரிங் காய்ந்தால் அது எப்படி முனகும் என்று வாயாலேயே செய்து காட்டினார். அவள் ஃபோனை எடுத்து அதைப் பதிவு செய்துகொண்டாள். மனிதர் வெட்கப்பட்டு, இன்னொரு தடவை, முன்னதைவிட நன்றாகச் செய்து காட்டினார்.

திரும்பும்போது குண்டசாலைவரை ஒரு த்ரீவீலர் பிடித்தோம். நான் ட்ரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் திரும்பாமல் இருந்தேன். வழியில் ஒரு கடையருகே அங்கிள் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய்ப் பெரிய தயிர்ச்சட்டி ஒன்று வாங்கிவந்து, என் மடியில் வைத்தார். மிச்ச வழி முழுவதும், ஒவ்வொரு பள்ளத்திலும், அதை நான் பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, இன்னைக்கு எத்தன பொய் சொன்னீங்க?"

"எண்ணல அங்கிள்."

"அதுல ஒண்ணக்கூட நான் நம்பல. ஜெசி நம்பல. அவ அம்மா, ஊர்ல யாரு எதச் சொன்னாலும் நம்புற மனுசி, அவளே நம்பல." கேற்றைத் திறந்து பிடித்தார். "பொய் சொல்ல வராத மாப்பிள்ள கிடைக்கிறது கஷ்டம். உங்க அம்மாவ அடுத்த ஞாயித்துக்கிழம கூட்டிட்டு வாங்க."

ஆன்ட்டி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தயிர்ச்சட்டியோடு நான் அப்படியே நின்றேன். ஜெசிந்தா வந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் ஸ்டூடியோவுக்குப் போனதும் ரியாஸ் நானா கேட்டார். "செல்லு, மூணு மணித்தியாலமும் பறந்துச்சா?"

"எனக்குத் தெரியாது நானா" என்றேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவை அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

எங்கள் கல்யாணம் ஈஸ்டர் கழிந்து நடந்தது. இப்போது எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். நிலூகா தன் கச்சேரியின் பதிவை மாமாவுக்குக் கொடுத்தாள். அதை ஃபோனில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவர் படுப்பார். என் குரலும் அதில் இருக்கிறது. மாமனாரைத் தினமும் தாலாட்டித் தூங்கவைக்கும் மருமகன் கண்டி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிலூகா எங்கே நிகழ்ச்சி வைத்தாலும் அவருக்கு அழைப்பு வரும். திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

போன வருடம் ஒரு நிகழ்ச்சி. ஒரே ஒரு சுருதி, காலையிலிருந்து மாலைவரை. மகளுக்குக் காய்ச்சல் என்பதால் நாங்கள் போகவில்லை. மாமா தனியாகப் போய் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

மாமா கதிரையில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே என்று யோசித்தார்.

"நல்லாதான் இருந்துச்சு" என்றார். "ஆனா இன்னைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

நானும் ஜெசிந்தாவும் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது இழுத்தாலும் இதுதான். பெரஹெரா ஊர்வல நாளில் குண்டசாலை பஸ் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால், 'ட்ரைவர் கொஞ்சம் அவசரப்படுறாரு.' அடுப்பில் பருப்பு வேகாவிட்டால், 'பருப்பு அவசரப்படுது.'

இந்த வருட ஈஸ்டர் பூசையில் ஃபாதர் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார். கடைசியில் ஒரு வழியாக ஆமென் சொன்னார். கோயில் முழுவதும் ஒரு பெருமூச்சு. ஆன்ட்டி, இப்போது எனக்கு மாமி, என் காதருகே சாய்ந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"ஃபாதர் இன்னைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு தம்பி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பலிபீடத்திலிருந்து பாடற்குழுவரை எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எங்களுக்கு முன் வாங்கில் கைகட்டி, தலை நிமிர்ந்து, மிகுந்த பக்தியோடு உட்கார்ந்திருந்த மாமா மட்டும் திரும்பவில்லை. அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார்.